இன்னும் கடைக்கு வராத கருவி: வாசகர் கேள்வி பதில்

சில வாரங்களாகக் கம்பியில்லாக் கருவிகளைப் பற்றியே அடுத்தடுத்துக் கடிதங்கள் வருகின்றன. கேட்டவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு தொழில் செய்பவர்கள் என்றாலும் கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமும் ஐபோனை வடிவமைத்த ஜோனி ஐவும் சேர்ந்து, வெளியார் யாரும் பார்த்திராத ஒரு கருவியைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று படித்தோம். எங்கள் விடுதி அறையில் ஒருவன் அது காதில் மாட்டுவது என்கிறான், இன்னொருவன் பேனா என்கிறான், மூன்றாமவன் சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான் என்கிறான். உங்கள் ஊகம் என்ன? (கல்லூரி மாணவர், காலாப்பட்டு)

பதில்: உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குவோம். 2025 மே மாதத்தில், ஜோனி ஐவ் தொடங்கியிருந்த ஐஓ என்ற நிறுவனத்தை ஏறத்தாழ 650 கோடி டாலர் மதிப்பில் தன்னோடு இணைத்துக்கொள்வதாக ஓப்பன்ஏஐ அறிவித்தது. அந்நாட்களில் அதன் தலைவர் சாம் ஆல்ட்மேன் ஊழியர்களிடம் பேசியதாக அமெரிக்க நாளிதழ் ஒன்று வெளியிட்ட செய்தியின்படி, அது பையிலோ மேசையிலோ கிடக்கக்கூடியது, தன்னைச் சுற்றி நடப்பதை உணரக்கூடியது, மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் அடுத்தபடியாக ஒருவர் வைத்துக்கொள்ளும் மூன்றாவது கருவி. அடுத்த மாதமே, ஒத்த ஒலியுள்ள பெயர் கொண்ட வேறொரு நிறுவனம் பெயருரிமை குறித்து வழக்குத் தொடுத்தபோது, ஐஓவின் பொறுப்பாளர்களில் ஒருவரான டாங் டான், தாங்கள் செய்திருக்கும் மாதிரிக் கருவி காதுக்குள் வைப்பதும் அன்று, உடலில் அணிவதும் அன்று என்றும், விற்பனைக்கு வரக் குறைந்தது ஓராண்டாவது ஆகும் என்றும் நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்தார். நான் இதை எழுதும் வரை அது கடைக்கு வரவில்லை.

ஆகவே அந்த ஒரு மாதிரியைப் பொறுத்தவரை உங்கள் நண்பர்கள் மூவரில் இருவருடைய கட்சி அடிபட்டுப்போகிறது. பேனா என்றவர் தப்பிக்கிறார். ஆனால் அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதைத் தவிர அவருக்கு வேறு சான்று கிடையாது. ஒரு நிறுவனம் பல மாதிரிகளைச் செய்து பார்க்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

வடிவத்தைப் பற்றிய வாதத்தை நிறுத்திவிட்டு, அது எந்த வழியாகப் பேசும் என்று கேளுங்கள் என்பதுதான் என் யோசனை. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணக்கு எல்லாம் எங்கோ தொலைவில் உள்ள கணினிக் கூடங்களில் நடப்பதால், இந்தக் கருவி எப்படி இருந்தாலும் இணையத்தோடு பேசியே தீர வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. புளூடூத் மூலம் உங்கள் கைபேசியைத் தொற்றிக்கொள்ளலாம், வைஃபையில் சேரலாம், அல்லது தனக்கென ஒரு சிம் வைத்துக்கொண்டு நேராகக் கோபுரத்தோடு பேசலாம். மூன்றாவது வழி கருவிக்குச் சுதந்திரம் தருகிறது. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், மாதாமாதம் கட்டணம் வேண்டும், ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒத்துழைப்பும் வேண்டும்.

மின்கலக் கணக்கு இந்த இடத்தில்தான் குறுக்கே வந்து நிற்கிறது. ஆப்பிளின் ஏர்டேக் என்ற சிறு வில்லை, ஒரு ரூபாய் நாணயத்தைப் போலத் தட்டையான சி.ஆர். 2032 மின்கலத்தை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் ஓடுகிறது. எப்போதாவது ஒரு சிறு முணுமுணுப்பை மட்டும் காற்றில் விடுவதால் அது முடிகிறது. நாள் முழுவதும் சுற்றுப்புறத்தைக் கேட்டுக்கொண்டு, கேட்டதைத் தொலைதூரத்துக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும் கருவிக்கு அந்த மின்கலம் ஒரு நாள்கூடத் தாங்காது. மின்கலத்தைப் பெரிதாக்கினால் கருவி கனக்கும், சூடாகும், பையில் சுமக்க மனம் வராது.

இந்தப் பாதையில் முன்பே ஒருவர் நடந்து பார்த்திருக்கிறார். ஹியூமேன் என்ற நிறுவனம் சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ பின் என்ற கருவியை 2024 ஏப்ரலில் 699 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனிக் கைபேசி இணைப்புக்காக மாதம் 24 டாலர் வேறு கட்ட வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் தன் சொத்துகளின் பெரும்பகுதியை எச்.பி. நிறுவனத்துக்கு 11.6 கோடி டாலருக்கு விற்றது. பிப்ரவரி 28ஆம் நாள் பின்புலக் கணினிகள் நிறுத்தப்பட்டவுடன், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் இருந்த கருவிகள் பேச்சிழந்தன. பழைய வால்வு ரேடியோ ஒன்றை இன்றைக்கும் தட்டி எழுப்பிவிடலாம். தன் நிறுவனத்தின் கணினியைத் தேடிப் போய்த் திரும்பும் கருவிக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி என் ஊகத்தைச் சொல்கிறேன். முதல் கருவியில் வைஃபையும் புளூடூத்தும் நிச்சயம் இருக்கும், சிம் பெரும்பாலும் இருக்காது. வெளியே போகும்போது அது உங்கள் கைபேசியின் இணைப்பைக் கடன் வாங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் சென்னைக்குப் போகும்போது கைபேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டால், அந்த மூன்றாவது கருவியும் வாய் திறக்காது. இது பொய்த்துப்போகவும் கூடும். பொய்த்தால் எந்த இடத்தில் பொய்த்தது என்று நீங்கள் சுட்டிக்காட்டக் கூடிய விதத்தில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நிறுவனங்கள் இவ்வளவு கட்டுக்காவலோடு வைத்திருக்கும் கருவிகள், விற்பனைக்கு முன்பே செய்தியாகிவிடுவது எப்படி? யாரோ உள்ளிருந்து காசுக்குச் சொல்லிவிடுகிறார்களா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் கம்பியில்லாக் கருவிக்கு மட்டும் அதைவிட நேர்மையான ஒரு வாசல் இருக்கிறது. வீராணம் ஏரித் தண்ணீரை எந்த மதகில் எப்போது எவ்வளவு திறப்பது என்று முறை வைத்திருப்பது போல, காற்றில் செல்லும் வானொலி அலைகளுக்கும் ஒவ்வொரு நாடும் முறை வைத்திருக்கிறது. உங்கள் தலைமுறைக்கு இது புதிதாக இருக்காது. வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோப் பெட்டிக்குக்கூடத் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலத்தை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம்.

அமெரிக்காவில் இந்த முறையைக் காப்பது எஃப்.சி.சி. என்ற கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம். அலை வீசும் கருவி எதுவும் அங்கே விற்பனைக்கு வருவதற்கு முன் சோதிக்கப்பட்டு அனுமதி பெற வேண்டும். சோதனை அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். ஒளிப்படங்களையும் பயனர் கையேட்டையும் 180 நாள்வரை மறைத்து வைக்கும்படியும், மின்சுற்று வரைபடங்களை நிரந்தரமாக மறைக்கும்படியும் நிறுவனம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்த அலைவரிசையில், எவ்வளவு திறனில் அலை வீசுகிறது என்பதை மறைக்க வழியில்லை.

பழக்கப்பட்ட கண்ணுக்கு அதுவே போதும். 2400 மெகாஹெர்ட்ஸை ஒட்டி மட்டும் மெல்லிய அலை வீசினால் அது புளூடூத் வகை. 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தால் வைஃபை இருக்கிறது என்று பொருள். கைபேசிக்கு உரிய அலைவரிசைகள் வரிசையாக நின்றால் உள்ளே சிம்முக்கு இடம் உண்டு. எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்த தடயம் ஒரு தூரக் கணக்கு. பயன்பாட்டின்போது உடலிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கருவி, உடல் திசு உள்வாங்கும் ஆற்றலின் அளவுக்குச் சோதிக்கப்படும். அதற்கு அப்பால் இருப்பது வேறு விதமாக மதிப்பிடப்படும். எனவே கருவியின் பெயரோ படமோ இல்லாவிட்டாலும், அது கையில் பிடிப்பதா, கூடத்தில் அலமாரி மேல் வைப்பதா என்பதை அந்த ஒரு தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐபோன் கதையை இங்கே நினைத்துப் பாருங்கள். 2007 ஜனவரி 9ஆம் நாள் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை மேடையில் காட்டியபோது, விற்பனை தொடங்க ஜூன் 29 வரை காத்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. ஆணையத்தின் தாள் தங்கள் கருவியை ஊருக்கு அறிமுகப்படுத்துவதைவிடத் தாங்களே அறிமுகப்படுத்திவிடலாம் என்று கருதியதாக அவர் அன்றே மேடையில் காரணம் சொன்னார். ஒரு பொருளை மறைத்து வைப்பதில் பேர் பெற்ற நிறுவனமே இந்த வாசலுக்கு முன் பணிந்துபோக வேண்டியிருந்தது.

ஆனால் தாளைப் படிப்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதற்கு 2012ஆம் ஆண்டின் கூகுள் விவகாரம் நல்ல பாடம். தன் ஊழியர்களின் வீடுகளில் சோதித்துப் பார்க்க 252 'பொழுதுபோக்குக் கருவிகளுக்கு' அந்நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. சோதனை நடக்கும் இடங்கள் மவுன்டன் வியூ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், கேம்பிரிட்ஜ். வைஃபை உண்டு, புளூடூத் உண்டு, வீட்டு வலையமைப்பில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும், விவரம் அவ்வளவுதான். வீட்டுக்குள் இசையைப் பரப்பும் கருவியாக இருக்கும் என்று பலர் ஊகித்தார்கள். ஜூன் மாதத்தில் நெக்சஸ் கியூ என்ற கரிய உருண்டை 299 டாலர் விலையோடு மேடைக்கு வந்தபோது அந்த ஊகம் மெய்யானது போலவே தோன்றியது. ஆனால் அது பொதுவிற்பனைக்கு வரவே இல்லை. முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுத் திட்டத்தை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு எச்2ஜி2-42 என்ற மாடல் எண்ணோடு ஒரு சிறு கருவி ஆணையத்தின் பட்டியலில் சத்தமில்லாமல் தென்பட்டது. அதுதான் 2013 ஜூலையில் வெறும் 35 டாலருக்கு வந்து வீடுகளில் நிலைத்த குரோம்காஸ்ட்.

இரண்டையும் அக்கம்பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டு தாள்களும் அலைவரிசையைச் சரியாகச் சொல்லின. எது பிழைக்கும், எது மூடப்படும் என்பதற்கு இரண்டிலும் ஓர் எழுத்துகூட இல்லை. இந்தத் துறையில் ஊகிக்க விரும்புகிறவர் அந்தத் தாளை எதெது இல்லை என்று கழிப்பதற்குப் பயன்படுத்த வேண்டும், கனவை வளர்ப்பதற்கு அல்ல என்பதே பல ஆண்டுகள் வயர்லெஸ் பெட்டிகளைத் திறந்து பழுதுபார்த்த என் கருத்து.

கேள்வி: நிறுவனமே மேடையேறி அறிவித்துவிட்டால் அது வந்துதானே ஆக வேண்டும்? (வாசகி, வில்லியனூர்)

பதில்: வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அம்மா. ஆப்பிள் நிறுவனம் 2017 செப்டம்பரில் ஏர்பவர் என்ற பலகையைக் காட்டியது. கைபேசி, கைக்கடிகாரம், காதில் மாட்டும் ஒலிக்கருவியின் பெட்டி ஆகிய மூன்றையும் எந்த இடத்தில் வைத்தாலும் கம்பியில்லாமல் மின்னேற்றும் என்றார்கள். எங்கே வைத்தாலும் ஏற வேண்டுமானால் உள்ளே பல கம்பிச்சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். அப்படிப் படிந்த சுருள்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும், வெப்பமும் கூடும். 2019 மார்ச் 29ஆம் நாள், தங்கள் தரத்தை அது எட்டவில்லை என்று சொல்லித் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். சூடாகும் பலகையை விற்றிருந்தால் இழப்பு வாங்கியவருக்கு நேர்ந்திருக்கும்.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் சிறிய செல்போன் கடை வைத்திருக்கிறேன். இன்னும் வெளிவராத இதுபோன்ற கருவிகளை வெளிநாட்டிலிருந்து முதல் ஆளாக வரவழைத்துத் தருவதாகச் சொல்லி ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (கடை உரிமையாளர், கடலூர்)

பதில்: கொடுக்காதீர்கள். நிறுவனமே விலையும் தேதியும் சொல்லாத பொருளுக்கு இடைத்தரகர் இரண்டையும் சொல்கிறார் என்றால், அவர் விற்பது உங்கள் ஆவலை மட்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் அனுமதி பெற்றது இங்கே தானாகச் செல்லாது. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் டபிள்யூ.பி.சி. என்ற கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவின் கருவி வகை ஒப்புதல் வேண்டும். அதோடு கைபேசி, சார்ஜர் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவும் வேண்டும். பெட்டியின் மேல் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த வேறுபாடு வெறும் காகிதச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்வேன். கூகுளின் பிக்சல் 4 கைபேசியில் கையசைவை உணரும் சிறு ராடார் ஒன்று இருந்தது. அது 60 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கியது. அமெரிக்க ஆணையம் அதற்குத் தனி விலக்கே அளித்திருந்தது. இந்தியாவில் அந்த அலைவரிசைக்கு அனுமதி இல்லாததால் அந்தக் கைபேசி இங்கே விற்பனைக்கு வராமலேயே போயிற்று. அரிசி மணியளவு ஆண்டெனா ஒன்றுக்காக முழுக் கைபேசியும் நின்றுவிட்டது. அப்படியொரு சரக்கைத் தரகர் மூலம் வாங்கி அடுக்கிவைத்தால், உத்தரவாதமும் இருக்காது, பழுதுபார்க்க உதிரிப் பாகமும் கிடைக்காது, கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: ஐயா, என் அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். பேசினாலே பதில் சொல்லும் அந்தப் புதுக் கருவி, டவர் கிடைக்காத நடுக்கடலிலும் வேலை செய்யும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கப் பணம் சேர்த்துவருகிறேன். அவர் சொல்வது சரியா? (மாணவி, தேவனாம்பட்டினம்)

பதில்: மகளே, உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கினேன். நடுக்கடலில் இயங்கும் என்று ஓப்பன்ஏஐ நிறுவனம் எங்கும் சொல்லவில்லை. மேலே சொன்ன காரணங்களால் அப்படி இருப்பதற்கான வாய்ப்பும் மிகக் குறைவு. கைபேசிக் கோபுரத்தின் அலை கரையிலிருந்து 10 அல்லது 12 கிலோமீட்டர் வரைக்கும்தான் நம்பத்தக்கதாக இருக்கும். அதற்கு அப்பால் தொலைதூரக் கணினியை நம்பிய எந்தக் கருவியும் பேசாது. கரையிலேயே அது பேசாமல் போகும் நாளும் உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் நாள் காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, என் வீட்டில் கைபேசியை வைத்துக்கொண்டு உறவினர்களின் நலம் அறிய முடியாமல் நாட்களைக் கழித்தது எனக்கு நினைவிருக்கிறது.

செயற்கைக்கோளோடு பேசும் கைபேசிகள் இருக்கின்றனவே என்று அந்த அண்ணன் கேட்கலாம். ஐபோன் 14இல் அவசர உதவிக்கான அந்த வசதி 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது உண்மை. ஆனால் அதை நம்பி இந்தியக் கடலில் இறங்கக் கூடாது. உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம் என்பதால், வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் அப்பாவிடம் தராதீர்கள்.

கடலுக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவியில் பொத்தானை அழுத்தினால், படகு இருக்கும் இடத்தோடு செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். அதன் இரண்டாம் தலைமுறையில், செய்தி வந்து சேர்ந்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வருகிறது. ஆபத்தில் மிதந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு தெம்பு தரும் என்று எண்ணிப் பாருங்கள். 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி என்ற கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் கிடைக்கும் பகுதி ஆகியவற்றை வாங்கி, புளூடூத் மூலம் சாதாரணக் கைபேசியில் காட்டும். அது செய்தியைப் பெறும், அனுப்பாது. இந்த வேறுபாட்டை அப்பாவுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊர் மீன்வளத் துறை அலுவலகத்தில், உங்கள் அப்பாவின் படகு வகைக்கு எந்தக் கருவி கிடைக்கும், மானியம் உண்டா என்று நேரில் கேளுங்கள்.

சேர்த்த பணத்தை, உரிமத்தோடு வாங்கும் தண்ணீர் புகாத வி.எச்.எஃப். என்ற கடல் வானொலிக் கைக்கருவிக்குச் செலவிடுங்கள். படகுக்குப் படகு சில கடல் மைல் தூரம் அது பேசும், அதற்குக் கோபுரமும் வேண்டாம், யாருடைய கணினியும் வேண்டாம். ஆபத்துக் காலத்தில் உலகம் முழுவதும் கப்பல்கள் காது கொடுத்திருக்கும் 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. கரையில் இருக்கும் உங்களுக்குக் கடலோரக் காவல்படையின் எண் 1554. அதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வாங்கிய அன்றே, முழுதாக மின்னேற்றி, பக்கத்துப் படகுக்காரரோடு வேறொரு அலைவரிசையில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். சோதனைப் பேச்சுக்கு 16ஐப் பயன்படுத்தக் கூடாது. அதை உதவி கேட்பவர்களுக்காகக் காலியாக விட வேண்டும்.